கணக்கு வராத குழந்தையும் கணிப்பொறியும்

எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தெளிவாகப் பேசுகிறான், கதை சொல்கிறான், பாடம் படிக்கிறான். ஆனால் 7, 9 ஆகிய இரண்டில் எது பெரியது என்று கேட்டால் விரல்விட்டு எண்ணத் தொடங்குகிறான். இத்தகைய குழந்தையை 'மக்கு' என்று ஒதுக்கிவிடுவது நெடுநாளைய வழக்கம். உண்மையில் இது அறிவுக் குறைவன்று. செக்கோஸ்லோவாகிய உளவியலறிஞர் லாடிஸ்லாவ் கோஸ்க் 1974-இல் இதனைத் தனியொரு குறைபாடாக வரையறுத்தார். இதற்கு டிஸ்கால்குலியா என்று பெயர். நூற்றுக்கு 3 முதல் 7 குழந்தைகளுக்கு இது இருக்கலாம் என்பது பல நாட்டு ஆய்வுகளின் மதிப்பீடு. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கற்றல் குறைபாட்டை ஏற்றுக்கொண்டுள்ளது.

இக்குழந்தைகளுக்குக் கணிப்பொறி கைகொடுக்குமா? பிரெஞ்சு அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேனும் ஆன்னா வில்சனும் பிறரும் உருவாக்கிய 'எண் பந்தயம்' என்னும் விளையாட்டு மென்பொருளை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம். இது விலையின்றிக் கிடைப்பது.

திரையில் இரண்டு குவியல்கள் தோன்றும். பெரியது எது எனக் குழந்தை விரைந்து சொல்லவேண்டும். பின்னர் அந்த எண்ணிக்கைப்படி கட்டங்களில் காய் நகரும். முதலில் 2-க்கும் 8-க்கும் போட்டி. தேறியபின் 7-க்கும் 8-க்கும். நான்கு விடைகளில் மூன்றேனும் சரியாக அமையுமாறு கடினத்தை மென்பொருளே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொரு குழந்தைக்கும் இவ்வாறு செய்ய எந்த ஆசிரியராலும் இயலாது. மேலும், அது சலித்துக்கொள்வதில்லை, கடிந்துகொள்வதுமில்லை. இது இதன் பெருஞ் சிறப்பு.

ஆனால் பயன் எவ்வளவு? 2006-இல் வெளியான சோதனையில் 7 முதல் 9 வயது வரையுள்ள 9 குழந்தைகள் நாளுக்கு அரை மணி, வாரத்தில் நான்கு நாள், ஐந்து வாரம் விளையாடினர். எண்களை ஒப்பிடும் வேகம் கூடிற்று. கழித்தலில் பிழை குறைந்தது. கூட்டலிலோ, பத்து பத்தாகச் சேரும் இடமதிப்பு அறிவிலோ முன்னேற்றம் காணப்படவில்லை. விளையாடாத குழந்தைகளின் ஒப்பீட்டுக் குழுவும் அதில் இல்லை. ஆய்வாளர்கள் இவற்றை மறைக்கவில்லை. மென்பொருளைப் புகழ்வோர்தாம் மறந்துவிடுகின்றனர். ஒப்பீடில்லாத அளவீட்டை இயற்பியல் ஆய்வகத்தில் முடிவாக ஏற்பதில்லை. குழந்தைகள் விஷயத்தில் அந்தக் கண்டிப்பு இன்னும் கூடுதலாக வேண்டாமா?

இன்னொரு குறையும் உண்டு. அது நம் மொழி பற்றியது. 'பதினைந்து' என்ற சொல்லிலேயே பத்தும் ஐந்தும் விளங்குகின்றன. ஆங்கிலத்தின் 'லெவன்', 'டுவெல்வ்' என்பவற்றில் பத்து தெரிவதில்லை. பிரெஞ்சு மொழியிலோ 92 என்பது 'நான்கு இருபது பன்னிரண்டு'! இதில் தமிழ்க் குழந்தைக்கு வசதி அதிகம். ஆனால் எண்பதுக்குப் பின் 'தொண்ணூறு' வருகிறது. அதில் நூறு ஒலிக்கிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. இடமதிப்பில் தடுமாறும் குழந்தை இங்கே வழி தவற இடமுண்டு. அயல்மொழி மென்பொருளின் திரைச்சொற்களை மட்டும் தமிழாக்கினால் இச்சிக்கல் தீராது.

ஆகவே எண்களை ஒப்பிடும் பயிற்சிக்கு இந்த விளையாட்டைப் பயன்படுத்தலாம். இடமதிப்புக்கு, வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியிலும் செலவின்றிக் கிடைக்கும் ஈர்க்குக்குச்சிகளே மேல். பத்துப் பத்தாகக் கட்டிய ஒன்பது கட்டுகளை வைத்து, 'இதுதான் தொண்ணூறு. நூறாக இன்னும் ஒரு கட்டு வேண்டும்' என்று காட்டலாம். கட்டை அவிழ்த்துக் குழந்தையே எண்ணிப் பார்க்கலாம். எந்தக் குழந்தைக்கு எது எப்போது வேண்டும் என்று அறிய அருகில் ஆசிரியர் இருந்தே ஆகவேண்டும்.

தமிழ் எண்ணுப்பெயர்களை அடிப்படையாகக் கொண்டு இத்தகைய விளையாட்டொன்றை உருவாக்குவது காந்திகிராமம் போன்ற கல்வி நிறுவனங்களின் கணித, கணிப்பொறி மாணவர்களால் இயலாத செயலன்று. உருவாக்கினால், ஒப்பீட்டுக் குழுவோடு சோதித்துப் பார்த்த பிறகே பள்ளிகளுக்கு அளிக்கட்டும்.