டயமண்டுக்குப் பணியும் தோட்டா

ஃப்ரீ ஃபயர் என்ற போன் ஆட்டத்தைப் பற்றி இங்கே யாரிடம் குறை சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது: "மலிவு போனிலும் ஓடுகிறதே, அது போதாதா?" கூடவே கொஞ்சம் ஊர்ப் பெருமையும் எட்டிப்பார்க்கும். அதை வெளியிடும் கரேனா நம் சிங்கப்பூர் நிறுவனம். 2021இல் ஒரே நாளில் 15 கோடிப் பேர் வரை ஆடியதாக அதன் தாய் நிறுவனமான சீ அறிவித்தது. அதே ஆண்டு ஆட்டத்தின் உலகத் தொடரும் மரினா பே சாண்ட்ஸில் நடந்தது.

போன் விஷயம் உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா பக்கத் திடல்களில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளிடம் விலை உயர்ந்த போன்கள் கிடையாது. கண்ணாடி கீறிய போனிலும் ஆட்டம் திக்காமல் ஓடுகிறது. 50 பேர், சுமார் 10 நிமிடம், முடிந்தது. வாரம் ஒருநாள் ஓய்வு கிடைப்பவருக்கு இது வசதிதான். குறி தானாகவே எதிராளியின் உடம்பில் ஒட்டிக்கொள்வதையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். கட்டைவிரலால் குறிவைப்பவருக்கு அந்த ஒத்தாசை வேண்டும். நெஞ்சில் ஒட்டிய குறியை, சுடும் பொத்தானை மேலே இழுத்துத் தலைக்கு ஏற்றுவதில் ஒரு கைநேர்த்தி இருக்கிறது.

அந்தக் கைநேர்த்திக்குத்தான் இங்கே மரியாதை இல்லை. துப்பாக்கிக்குப் போர்த்தும் அலங்காரமான ஸ்கின் ஏதாவது ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். பளபளப்பான நிறத்தோடு கூட்டல் கழித்தல் குறிகளும் தெரியும்: சேதம் கூடும், சுடும் வேகம் கூடும், குண்டு நிரப்பும் வேகம் குறையும். இவற்றில் பலவும் டயமண்டைப் போட்டுச் சுழற்றும் குலுக்கலில் கிடைப்பவை. டயமண்டு என்ற ஆட்ட நாணயமோ காசு கட்டி டாப்-அப் செய்தால் கிடைப்பது. காசு கொடுத்த பேட்ஸ்மேனுக்கு ஸ்டம்பை அரை அங்குலம் குட்டையாக்கித் தருவது போன்ற ஏற்பாடு இது.

"ஒவ்வொரு ஸ்கினிலும் ஒரு குறையும் இருக்கிறதே, சரிக்குச் சரியாகிவிடும்" என்பார்கள். சரிக்குச் சரி என்றால் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் சவால் விடும்போது தாங்களே அமைக்கும் கஸ்டம் ரூமில் முதல் வேலையாகத் துப்பாக்கியின் கூடுதல் பண்புகளை ஏன் அணைக்கச் சொல்கிறார்கள்? நேர்மையான மோதல் வேண்டுமென்றால் ஸ்கினின் வலுவைக் கழற்றிவைக்க வேண்டும் என்பது ஆடுபவருக்குத் தெரியும். அதற்கான பொத்தானை அமைத்துக் கொடுத்தவருக்கும் தெரியும்.

தனித் திறனோடு வரும் ஆட்டப் பாத்திரங்களின் கதையும் இதுதான். கிறிஸ்டியானோ ரொனால்டோவை வைத்து 2020 டிசம்பரில் குரோனோ என்ற பாத்திரம் வந்தது. அப்போது அது எழுப்பிய வளையத்துக்குள் நின்று சுட முடிந்தது, வெளியிலிருந்து வந்த தோட்டாவையோ வளையம் தடுத்தது. கூச்சல் கிளம்பிய பிறகே அடுத்தடுத்து அதன் பல்லைப் பிடுங்கினார்கள். அதற்குள் வாங்க வேண்டியவர்கள் வாங்கிவிட்டார்கள்.

வேறு வழி தெரியாமல் இப்படிச் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 2019இல் கால் ஆஃப் டியூட்டி மொபைல் என்ற துப்பாக்கி ஆட்டத்தைத் தென்கிழக்காசியாவுக்குக் கொண்டுவந்ததும் இதே கரேனாதான். அதிலும் குலுக்கல் உண்டு, ஆசை காட்டுதல் உண்டு. ஆனால் ஸ்கின் மாறினால் துப்பாக்கியின் தோற்றம்தான் மாறும், தோட்டாவின் வலு மாறாது. இன்னும் வலுவான போன் கேட்கும் அந்த ஆட்டத்தில் அழகை விற்றவர்கள், மலிவு போன்காரரிடம் வெற்றியை விற்கிறார்கள். ஏழைக்கான ஆட்டம் என்ற புகழ்ச்சியை இதற்கு மேல் எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது?

கஸ்டம் ரூமில் இருக்கும் அந்தப் பொத்தானை எல்லா ஆட்டங்களிலும் நிரந்தரமாக அணைத்து வைக்கட்டும். வருமானம் குறையாவிட்டால் நான் சொன்னது தப்பு. குறைந்தால், இத்தனை நாள் எது விலைபோனது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.