தோற்காத கலையும் அதன் எல்லையும்

2004 டிசம்பர், யோகோஹாமா. கொலம்பியாவின் ஒன்ஸே கால்தாஸுக்கு எதிரான இன்டர்கான்டினென்டல் கோப்பை இறுதிப்போட்டியில் போர்ட்டோ கோல்கீப்பர் வித்தோர் பாயியா இதயத் துடிப்பு தாறுமாறாகி, நடுவிலேயே வெளியேறினார். பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர் நூனோ எஸ்பிரிட்டோ சான்டோ. பெனால்டியில் போர்ட்டோ 8-7 என ஜெயித்தது. அவருடைய ஆட்ட வாழ்வின் உச்சம் அநேகமாக இதுதான். அதுவும் இன்னொருவருக்கு உடம்பு முடியாமல் போனதால் வாய்த்தது.

மற்றபடி கிளப் கிளப்பாக அலைச்சல்தான். குய்மராயிஸ், தெப்போர்த்திவோ, அங்கிருந்து கடனாக மெரிடா, ஒசாசுனா, பிறகு மாஸ்கோ. 2004இல் மொரீன்யோவின் போர்ட்டோ சாம்பியன்ஸ் லீக் வென்றபோதும் இவர் மாற்று கீப்பர்தான். இப்படிப்பட்டவர் நல்ல பயிற்சியாளரானாரா? ஆனார். ஆனால் எந்த அளவுக்கு?

அவர்மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு, ஏஜென்ட் ஜோர்ஜ் மென்டெஸ் கைபிடித்து ஏற்றிவிட்ட ஆள் என்பது. இதில் பாதி உண்மை. மென்டெஸின் முதல் வாடிக்கையாளரே நூனோதான். நூனோ பயிற்சி கொடுத்த வலென்சியாவிலும் வுல்வ்ஸிலும் உரிமையாளர்களுக்கு மென்டெஸ் நெருக்கம். ரூபென் நெவெஸ் போன்ற ஒரு வீரர் இருபது வயதில், அப்போது இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனில் இருந்த வுல்வ்ஸுக்கு வந்ததெல்லாம் சாதாரண விஷயமில்லை. ஆனால் சிபாரிசில் வேலை கிடைக்கும், புள்ளிகள் கிடைக்குமா? வுல்வ்ஸ் 99 புள்ளிகளோடு மேலேறி, அடுத்த இரண்டு சீசன்களிலும் பிரீமியர் லீகில் ஏழாவதாக வந்தது. 2019-20இல் மான்செஸ்டர் சிட்டியை இரண்டு முறையும் வென்றது. அதே சீசனில் யூரோப்பா லீக் காலிறுதியில் செவியாவிடம் 1-0 எனத் தோற்றபோது எதிர்முகாமில் நின்ற பயிற்சியாளர் லோபெதேகியும் பழைய மாற்று கீப்பர்தான் என்பது வேடிக்கை.

நூனோவின் அணிகளைப் பார்த்தால் கோல்கீப்பர் புத்தி தெரியும். பெட்டிக்கு முன்னால் ஆட்கள் நெருக்கமாக நிற்பார்கள், பந்து எதிரியிடமே இருக்கட்டும் என்று விடுவார்கள், பிடுங்கியதும் ஒரே ஓட்டம். 2024-25இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் இப்படித்தான் ஆடியது. முரில்யோவும் மிலென்கோவிச்சும் அடைத்து நிற்க, பின்னால் மட்ஸ் செல்ஸ், முன்னால் 20 கோல் அடித்த கிறிஸ் வுட். லீகிலேயே மிகக் குறைவாகப் பந்தை வைத்திருந்த அணிகளில் ஒன்று 65 புள்ளிகள் எடுத்தது. ஆன்ஃபீல்டில் லிவர்பூலையும் 1-0 என வென்றது.

சிக்கல் எங்கே என்றால், பெரிய கிளப்பில் எதிரி பந்தை இவர்களிடமே கொடுத்துவிட்டுப் பின்வாங்கும்போது. நூனோ பயிற்சியாளராக இருந்த 2016-17 போர்ட்டோ கணக்கைப் பாருங்கள்: 34 ஆட்டம், தோல்வி வெறும் 2, வாங்கிய கோல் 19. இருந்தும் பட்டம் பென்ஃபிகாவுக்குப் போனது, ஏனென்றால் டிரா மட்டும் 10. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. பலரிடம் பேசி எதுவும் அமையாமல் கடைசியில் இவரைப் பிடித்த டாட்டன்ஹாமில் கதை இன்னும் சீக்கிரம் முடிந்தது. 2021 அக்டோபர் 30, சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெடிடம் 0-3. கோலை நோக்கி ஒரு ஷாட்கூடப் போகவில்லை. நூனோ லூக்காஸ் மௌராவை வெளியே எடுத்தபோது அரங்கமே கூச்சல் போட்டது. இரண்டு நாளில் வேலை போனது.

என் வாதத்துக்கு இடிக்கிற உதாரணமும் உண்டு: சவூதியின் அல்-இத்திஹாத். பெரிய கிளப், 2023இல் ரொனால்டோவின் அல்-நஸ்ரை முந்திப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 30 ஆட்டத்தில் வாங்கிய கோல் 13. ஆனால் அங்கும் எல்லோருடைய கண்ணும் அல்-நஸ்ர்மேல்தான் இருந்தது. அந்தக் கோடையில் பென்ஸெமா வந்ததும் பார்வை இந்தப் பக்கம் திரும்பியது; நவம்பரில் நூனோ வெளியே. ஒரு சீசனை வைத்து முழுத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் போர்ட்டோ, டாட்டன்ஹாம், அல்-இத்திஹாத் மூன்றும் ஒரே பக்கமே கை காட்டுகின்றன.

ஆக, இவரை மென்டெஸின் நிழல் என்று தள்ளுவது அநியாயம். மேதை என்பதும் மிகை. ஏழாம் இடத்தையே திருவிழாவாகக் கொண்டாடும் கிளப்புக்கு இவரைவிட நல்ல பயிற்சியாளர் ஐரோப்பாவில் அதிகம் பேர் இல்லை. வாராவாரம் ஜெயித்தே தீரவேண்டிய கிளப்புக்கு இவர் சரிப்பட மாட்டார். டாட்டன்ஹாம் அவரை அனுப்பியதில் தவறில்லை. வேலைக்கு எடுத்ததில்தான் தவறு.