ரசீதுப் புத்தகம் மாறினால்

அருவங்காட்டில் மழை வலுத்தால் முதலில் கரண்ட் போகும், பின்னாலேயே நெட்டும் போகும். பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு சிறிய ஆபீசில் அப்படி இரண்டு நாள் லைன் இல்லை. தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராம் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த மெயில்களை வைத்தே பழைய பில்களைத் தேடிச் சமாளித்தார்கள். மூன்றாம் நாள் லைன் வந்தது. 'பாக்கி' ஃபோல்டர் கண்ணெதிரே காலியானது. வெளியூரில் இருந்த பங்குதாரர் போனில் அதை அழித்து, டிராஷையும் காலி செய்திருந்தார்.

பழி, மெயிலைச் சர்வரோடு ஒத்திசைக்கும் ஐமேப் முறையின் மேல் விழுந்தது. அது நியாயமில்லை. 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் வடிவமைத்த இந்த முறையில் அசல் சர்வரில்தான் இருக்கிறது; நம்மிடம் இருப்பது அதன் பிரதி. அசல் போனால் பிரதியும் போகும். மெயிலை இறக்கி வைத்துக்கொள்ளும் இன்னொரு முறையான பாப்பில் இந்த விபத்து நேராது என்பது உண்மை. ஆனால் பாப் இன்பாக்ஸை மட்டுமே இறக்கித் தரும், சர்வரில் உள்ள ஃபோல்டர்கள் அதற்குத் தெரியாது. போனிலும் கம்ப்யூட்டரிலும் மாறி மாறி மெயில் பார்ப்பவர்களுக்கு அது பத்தாது.

ஐமேப் வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். இலை எடை போடும் இடத்து ரசீதைப்போல ஒவ்வொரு ஃபோல்டரிலும் மெயிலுக்கு ஓர் எண் விழுகிறது. எண் ஏறிக்கொண்டே போகும். அழித்த மெயிலின் எண் இன்னொன்றுக்குப் போகாது. 412 வரை கையில் இருந்தால் 413 முதல் கேட்டால் போதும். ரசீதுப் புத்தகத்துக்கும், அதாவது ஃபோல்டருக்கும், தனி எண் உண்டு. சர்வர் மாற்றும்போது அந்தப் புத்தக எண் மாறிவிட்டால், கையில் இருக்கும் பிரதியை மொத்தமாக எறிந்துவிட்டு முதலிலிருந்து இறக்க வேண்டும். மெதுவான லைனில் அது பெரிய வேதனைதான். ஆனாலும் அந்தக் கண்டிப்பு சரி: பழைய 412ஐயும் புதிய 412ஐயும் குழப்பிக்கொண்டால், ஒன்றை அழிக்கப்போய் வேறொன்று அழியும்.

என் குற்றச்சாட்டு மெயில் புரோகிராம்களின் மேல்தான். சப்ஸ்கிரைப் செய்யாத ஃபோல்டரைத் தண்டர்பேர்ட் காட்டாமல் விடுகிறது. வழக்கமாகப் புது மெயிலை இன்பாக்ஸில் மட்டும்தான் பார்க்கிறது. சர்வரே வேறு ஃபோல்டருக்குப் பிரித்துப் போட்ட மெயில், அந்த ஃபோல்டரைத் திறக்கும்வரை கண்ணில் படாமல் கிடக்கலாம். செட்டிங்கில் இரண்டையும் மாற்றலாம்; மாற்ற வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ஃபோல்டர் வந்து சேரவில்லை, மெயில் தொலைந்தது என்று அலறும் பலருக்கு நடந்தது இவ்வளவுதான்.

அந்த ஆபீசுக்கு ஐமேப்தான் சரி என்றே சொன்னேன். கூடவே, ஒத்திசைவை பேக்கப் என்று நம்பக்கூடாது என்றும் சொன்னேன். இப்போது மாதக் கடைசியில் 'பாக்கி'யை லோக்கல் ஃபோல்டருக்கு நகலெடுக்கிறார்கள். அது சர்வரோடு பேசாது. போனில் யார் எதை அழித்தாலும் அங்கே இருப்பது அப்படியே இருக்கும்.