குழலும் மருந்தும் குண்டும்: கண்டி இராச்சியத்தின் துவக்குத் தொழில் மரபு

துவக்கொன்றின் வலிமை அதன் குழலில் மட்டும் தங்கியிருப்பதில்லை. குழல், மருந்து, குண்டு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும்போதுதான் இலக்கைத் துளைக்கும் ஆற்றல் பிறக்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்னும் மூன்று கடல் வல்லரசுகளுக்கு அடுத்தடுத்து முகங்கொடுத்து, 1815ஆம் ஆண்டுவரை நிலைத்து நின்ற கண்டி இராச்சியத்தின் துவக்குத் தொழிலையும் இந்த மூன்று அளவுகோல்களாலேயே மதிப்பிட வேண்டும். நூதனசாலைகளின் கண்ணாடிப் பேழைகளில் குழலும் அடிக்கட்டையுமே எஞ்சியிருப்பதால், அம்மரபைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சித்திர வேலைப்பாட்டோடு நின்றுவிடுகிறது. மருந்தரைத்தவர்களின் உழைப்பும் குண்டு வார்த்தவர்களின் கணக்கும் அதே அளவு கவனத்துக்குரியவை.

பெயரிலேயே ஒரு வரலாறு உண்டு. இலங்கைத் தமிழர் வழங்கும் துவக்கு, சிங்களத்தின் துவக்குவ, தமிழகத்தின் துப்பாக்கி ஆகிய மூன்றும் ஒரே துருக்கிய வேர்ச்சொல்லிலிருந்து வந்தவை. கண்டி அரசாட்சியில் துவக்குக்காரருக்கும், கொடிதுவக்கு என்னும் சிறு பீரங்கியை இயக்கிய கொடிதுவக்குக்காரருக்கும் தனித்தனி நிர்வாகப் பிரிவுகள் இருந்தன. கொடிதுவக்கு என்பது இன்றும் குடும்பப் பெயராக வழங்குகிறது.

போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்த செய்தியைக் கூறும் ‘இராஜாவலிய’ என்னும் சிங்கள வரலாற்று நூல், அவர்களது பீரங்கியின் முழக்கம் இடியையும் மிஞ்சியது என்றும், அதன் குண்டு நெடுந்தொலைவு பறந்து கற்கோட்டையையும் தகர்க்கவல்லது என்றும் மக்கள் வியந்ததைப் பதிவு செய்கிறது. அந்த வியப்பு விரைவிலேயே தேர்ச்சியாக மாறியது. தொடக்கத்தில் ஒரு துவக்கும் இல்லாதிருந்த தீவில், இடைவிடாத போரின் விளைவாகத் தம்முடையவற்றிலும் சிறந்த துவக்குகள் செய்யப்படுகின்றன என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் டியோகோ டோ கோத்தோ எழுதினார். எதிரியின் வாயிலிருந்து வந்த இந்தச் சான்று, கண்டியின் கம்மாலைகளுக்கும் தாழ்நிலத்துக் கம்மாலைகளுக்கும் பொதுவான பெருமையாகும்.

குழல்

குழல் செய்வதற்கு முதல் தேவை நல்ல இரும்பு. மத்திய மலைநாட்டின் தென்சரிவில், பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவ பகுதியில், பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய பழைய உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் அகழ்ந்தாய்ந்து 1996இல் உலகறியச் செய்தார். ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் நூலில், தம் காலத்தில் அருகிவந்த இரும்புருக்கும் தொழிலையும், அரசனின் பொன் வெள்ளி வேலைகளுக்குரிய ‘பட்டல் ஹத்தர’ என்ற நான்கு அரச பட்டறைகளையும் விவரித்தார். கொல்லர்கள் அரசனிடம் நிலம் பெற்று, அதற்கு ஈடாகத் தொழிற்சேவை செய்யும் இராஜகாரிய முறையில் வாழ்ந்தனர். திறமை தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறியது.

இம்மரபின் ஆக்கங்களை மூன்று பள்ளிகளாக வகுக்கலாம். முதலாவது கைத்துவக்குப் பள்ளி. பிற நாடுகளில் பெரும்பாலும் வலப்பக்கத்தில் அமையும் சக்கிமுக்கிப் பூட்டு, அதாவது கல்லை உருக்கில் மோதவிட்டுப் பொறி எழுப்பும் விசை, இலங்கைத் துவக்குகள் பலவற்றில் இடப்பக்கத்தில் அமைந்திருப்பதும், அடிக்கட்டை இரண்டாகப் பிரிந்து சுருள்வதும் அதன் அடையாளங்கள். இரண்டாவது கொடிதுவக்குப் பள்ளி. முன்னே இரண்டு கால்களும் பின்னே தரையில் ஊன்றும் நீண்ட கட்டையும் கொண்ட இச்சிறு பீரங்கியை ஆங்கிலேயர் வெட்டுக்கிளி என்று அழைத்தனர். சக்கர வண்டி ஏற முடியாத கணவாய்களில் ஆள் சுமந்து சென்று, பற்றை மறைவில் நிறுத்திச் சுட்டுவிட்டு, உடனே தூக்கிச் செல்லத்தக்கதாக அது அமைந்ததால், மலைநாட்டின் நிலவியலே அதன் வடிவத்தைத் தீர்மானித்தது எனலாம்.

மூன்றாவது அரண்மனைப் பள்ளி. பொன், வெள்ளி, மாணிக்கம் பதித்து, சூரியனும் பிறையும் சிங்கமும் பொறிக்கப்பட்ட லெவ்கே என்னும் திசாவையின் (மாகாண ஆளுநரின்) பீரங்கி இதன் உச்சம். 1765இல் கண்டிக்குள் புகுந்த ஒல்லாந்தப் படையால் கவரப்பட்டு, ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்த அது, வாள்கள், கத்தி, ‘மகா துவக்கு’ எனப்படும் இரண்டு பெருந்துவக்குகள் ஆகியவற்றோடு 2023 டிசம்பரில் இலங்கைக்குத் திரும்பியது. அரச பெருமையைக் காட்டுவதே அதன் பணி என்பதால், அதனைப் போர்க்கருவிக்குரிய அளவுகோலால் அளப்பது பொருந்தாது.

மருந்து

இம்மரபின் உண்மையான சோதனைக்களம் மருந்தாகும். ஆங்கிலப் படை மருத்துவரான ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூல் இதற்கு விரிவான சான்று தருகிறது. வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு மலைக்குகைகளிலிருந்து கிடைத்தது. வௌவால் எச்சம் படிந்த குகைகளில் பாறையின் மேற்பரப்பைச் சிறு கோடரியால் செதுக்கி, இடித்துத் தூளாக்கி, குகைத் தரையின் மண்ணோடும் மரச்சாம்பலோடும் கலந்து, நீரால் கழுவி வடித்து, அந்நீரைக் காய்ச்சி உப்பை எடுத்தனர். கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பகுதியில் அத்தகைய குகையொன்றை டேவி நேரில் கண்டார். சாம்பல் சேர்ப்பதில் நுண்ணிய அறிவு அடங்கியிருக்கிறது: குகைமண்ணில் மிகுந்துள்ள சுண்ணாம்பு நைத்திரேற்று காற்றின் ஈரத்தை உறிஞ்சி மருந்தைக் கெடுக்கும், சாம்பலிலுள்ள பொட்டாசியச் சத்து அதனை ஈரம் இழுக்காத பொட்டாசிய நைத்திரேற்றாக மாற்றிவிடும்.

ஐந்து பங்கு வெடியுப்பு, ஒரு பங்கு கந்தகம், ஒரு பங்கு கரி என்பதே கலவையின் அளவு. இதனை மெல்லிய சுண்ணாம்பு நீரும் காட்டுக் கிழங்கின் காரச் சாறும் விட்டு நனைத்து, கற்களுக்கிடையே அரைத்தோ நெல்லுரலில் இடித்தோ, ஒரு முழுப் பகலுக்குக் குறையாமல் பதப்படுத்தி வெயிலில் உலர்த்தினர். ஐரோப்பியர் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்புச் சேர்த்தனர். கண்டியின் அளவு ஏறத்தாழ எழுபத்தொன்று. ஆகவே குறை விகிதத்தில் பெரிதாக இல்லை. மருந்தை மணியாக்காமல் விட்டதில்தான் இருந்தது. மணிமணியாக்கிய மருந்தில் துகள்களுக்கிடையே தீ ஓட இடைவெளி இருப்பதால் அது முழுவதும் ஒரே சீராக எரியும். தூளாகவே விடப்பட்ட மருந்தோ அமுக்கத்தில் இறுகிச் சீரின்றி எரிவதால், ஒரே குழலிலிருந்து புறப்படும் இரண்டு குண்டுகள் ஒரே வேகத்தில் செல்லா.

கந்தகம் மலைநாட்டில் விளையும் பொருளன்று. கரையோரம் வழியாகவே வரவேண்டும். 1766இன் உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனபின், மருந்தின் ஏழில் ஒரு பங்கு எதிரியின் வாசலைக் கடந்தே வர வேண்டியதாயிற்று.

குண்டு

குண்டு பெரும்பாலும் ஈயத்தாலோ இரும்பாலோ ஆன உருண்டை. ஈயம் எளிதில் வார்க்கத்தக்கது; கனமானதாயினும் மென்மையானதால் கடினமான பொருளில் பட்டதும் தட்டையாகிவிடும். இரும்பு வடிவம் கெடாது. ஆனால் குழலின் உட்சுவரைத் தேய்க்கும். கையால் அடித்த குழல்களில் ஒவ்வொன்றின் துவாரமும் சற்றே வேறுபடுவதால், அதனதன் துவாரத்துக்கேற்பக் குண்டு வார்க்க வேண்டும். குண்டு சிறுத்தால் வெடிவாயு பக்கவாட்டில் கசிந்து வேகம் குறையும். குண்டின் ஆற்றல் அதன் எடையோடு ஒருமடங்காகவும் வேகத்தோடு இருமடிப் பெருக்கமாகவும் உயரும். அவ்வாற்றல் எவ்வளவு சிறிய பரப்பில் குவிகிறதோ, அவ்வளவு ஆழமாகத் துளைக்கும்.

பிற்காலத்து யுத்த தாங்கிகளின், மோதும் வேகத்தாலேயே கவசந்துளைக்கும் குண்டுகள் இவ்விதியின் விரிவே. வடிவம் கெடாதிருக்க வன்மையூட்டிய உருக்கும், எடை கூட்டத் தங்ஸ்தனும் வந்தன. பெரிய குழலின் வாயுவழுத்தத்தைச் சிறிய கருவுக்கு ஊட்டி, குழலை விட்டு வெளியேறியதும் உதிர்ந்துவிடும் உறையோடு கூடிய குண்டுகளை 1944இல் பிரித்தானியர் களத்தில் பயன்படுத்தினர். இன்று திருச்சிராப்பள்ளியிலுள்ள படைக்கலத் தொழிற்சாலையொன்று, தங்ஸ்தன் தூளை அழுத்திச் சுட்டு, அம்பு போன்ற துளைப்பான்களை ஆக்குகிறது.

இரண்டாம் உலகப் போர் நடந்த அதே 1944இல், மவுண்ட்பேட்டன் தலைமையிலான நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு இடம்மாறியது. அதன் ஆளுகைக்குட்பட்ட பர்மாப் போர்முனையில், யப்பானியரின் பதுங்கரண்களைத் தாங்கிகள் முதலில் வெடிகுண்டால் தாக்கி, காலாட்படை நெருங்கும் இறுதிக்கட்டத்தில் வெடிக்காத திண்குண்டால் சுட்டன. சிதறல் தம்மவரைக் காயப்படுத்தாதிருக்க இது உதவியது. பூங்காவுக்கு எதிரே, மகாவலி கங்கையின் மறுகரையில் இருப்பது கன்னொறுவ. 1638 மார்ச் 28இல் இரண்டாம் இராஜசிங்கனின் படை போர்த்துக்கேயரை முறியடித்த களம் அது. ஒரே ஆற்றின் இருகரைகளும், முந்நூறு ஆண்டு இடைவெளியில், குழல், மருந்து, குண்டு என்னும் அதே கணக்கைக் கண்டிருக்கின்றன.

கண்டியின் துவக்குத் தொழில் குழலில் உலகத் தரத்தை எட்டியது. குண்டைக் குழலுக்கேற்ப அமைத்தது. மருந்தில் அறிவு ஆழமாக இருந்தும், மணியாக்கும் ஒரு படியில் பின்தங்கியது. இந்த முழுச் சித்திரத்தைத் தருவதே அம்மரபுக்குச் செய்யும் நேர்மையான மரியாதை. மீண்டுவந்த பீரங்கிக்கு அருகே குகைமண்ணும் மரச்சாம்பலும் காட்டுக் கிழங்கும் ஒரு நெல்லுரலும் வைக்கப்படுமாயின், பெயர் பொறிக்கப்படாத தும்பறை உழைப்பாளிகளும் அக்கலையின் ஆசான்களாகத் தம் இடத்தைப் பெறுவர்.