அர்தபீல் கம்பளமும் பெயரற்ற சாயக்காரரும்

இஸ்லாமியக் கலைகளைப் பற்றிய கட்டுரைகளில் கம்பளம் பெரும்பாலும் ஒரு வரைபடமாகவே வாசிக்கப்படுகிறது. நடுவட்டம் ஞாயிறு, கொடிப்பின்னல் சுவனத் தோட்டம், தொங்கும் விளக்குகள் இறையொளி என விளக்கங்கள் அடுக்கப்படுகின்றன. இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும், வண்ணத்தைக் கோட்டின்மேல் ஏற்றிய மெருகாக மட்டுமே கருதிக் கடந்து செல்லும் திறனாய்வு பாதிக் கம்பளத்தையே காண்கிறது என்பது நமது கருத்து. அர்தபீல் கம்பளமே இதற்குச் சான்று.

சஃபவி மன்னர் ஷா தஹ்மாஸ்பின் ஆட்சிக்காலத்தில், ஹிஜ்ரி 946இல் (கி.பி. 1539-40) நிறைவுற்ற இக்கம்பளம் இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. நீளம் சுமார் 10.5 மீட்டர். பாவும் ஊடையும் பட்டாலானவை. கண்ணுக்குத் தெரியும் முடிச்சுகளோ கம்பளி. சாயத்தை நன்கு ஏற்கும் இழை என்பதாலேயே கம்பளி தேர்ந்துகொள்ளப்பட்டது. அவுரி, மாதுளைத் தோல் போன்றவற்றிலிருந்து பெற்ற 10 நிறங்களே இப்பெரும்பரப்பு முழுவதையும் நிரப்புகின்றன.

இந்நிறங்கள் இழையில் நிலைத்தது எவ்வாறு? கம்பளி கெரட்டின் எனும் புரதத்தாலானது. அதிலுள்ள அமிலத் தொகுதிகள் படிகாரத்தின் அலுமினிய அயனியைப் பற்றிக்கொள்கின்றன. அவ்வயனி தன் மறுபுறத்தில் சாய மூலக்கூற்றைப் பிணைக்கிறது. இவ்வாறு இடைநின்று இணைக்கும் பொருளை வேதியியலார் நிறமூன்றி என்பர். பாரசீகத்திலும் அனத்தோலியாவிலும் பயின்றுவந்த மஞ்சிட்டி இனத்து வேரிலுள்ள அலிசரின், படிகாரத்துடன் சிவப்பையும் இரும்புடன் ஊதா கலந்த கருமையையும் தருவது இதனாலேயே. நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அச்சிவப்பைத் தெளிவாக்கும். சூடு மிகுந்தால் பழுப்பு தலைதூக்கும். அவுரியின் வழி வேறு. அதன் நீலம் நீரில் கரையாது. காரத் தொட்டியில் ஒடுக்கமடைந்து, மஞ்சள் கலந்த பச்சையாய்க் கரைந்து இழைக்குள் புகுகிறது. வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜனால் மீண்டும் நீலமாகி அங்கேயே தங்கிவிடுகிறது. கம்பளத்தின் கருநீலத் தளம் இவ்வாறு பிறந்ததே.

தோய்ப்புக்குத் தோய்ப்பு நிறம் சற்றே மாறுபடும். அதனால் தளத்தில் மெல்லிய அலைபோன்ற வேறுபாடு தோன்றும். 'அப்ரஷ்' என்பது இதன் பெயர். சீரான ஆலைநிறத்திற்குப் பழகிய கண் இதனைக் குறை என்னலாம். அத்தனை பெரிய ஒற்றைத் தளம் உயிரற்ற சுவர்போல் ஆகாமல் காப்பது இவ்வேறுபாடே என்போம்.

எனினும், தாவரச் சாயம் என்பதாலேயே ஒன்றைப் போற்றுவதும் திறனாய்வன்று. 1868இல் கிரேபேயும் லீபர்மனும் ஆய்வகத்தில் உருவாக்கிய அலிசரின், வேரிலுள்ள அதே மூலக்கூறுதான். தொடக்ககால அனிலைன் சாயங்கள் பல விரைவில் வெளிறின என்பது உண்மை. தாவர மஞ்சளும் வெளிறக்கூடியதே. பழங்கம்பளங்களில் பச்சை நீலமாகத் திரிந்திருப்பது அதனாலேயே. இரும்பும் துவர்ப்புப் பொருளும் சேர்ந்த கருஞ்சாயம் கம்பளியையே அரிப்பதால், பல கம்பளங்களில் கருநிறக் கோடுகள் மட்டும் பள்ளமாகிக் கிடக்கின்றன. 2006இல் அர்தபீல் கம்பளத்தைப் புதிய காட்சிக்கூடத்தில் விரித்தபோது, நிறம் காக்கவேண்டி அரைமணிக்கு ஒருமுறை 10 நிமிடம் மட்டுமே விளக்கேற்ற ஏற்பாடு செய்தனர். ஆகவே அளவுகோல் தாவரமா ஆலையா என்பதன்று. எந்த இழைக்கு எந்த நிறமூன்றி, எவ்வளவு சூடு, எத்தனை தோய்ப்பு என்றறிந்த அறிவே அளவுகோல்.

அவ்வறிவுடையார் யார்? கம்பளத்தின் ஓரத்தில் காஷானைச் சேர்ந்த மக்ஸூதின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. சாயம் தோய்த்தவர் பெயர் இல்லை. அரபியில் சாயக்காரரை 'ஸப்பாக்' என்பர். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இப்னுஸ் ஸப்பாகின் பெயருக்கே 'சாயக்காரரின் மைந்தர்' என்பதுதான் பொருள். மைந்தரின் நூலறிவை மதிக்கும் நாம், தந்தையர் தொட்டியருகே நின்று சேர்த்த அறிவையும் அறிவென்றே ஏற்கவேண்டும். அதுவரை நமது கலைத் திறனாய்வு நிறைவுபெறாது.