இருபது சதவீதப் பிழை

மயில்துத்தப் படிகத்தில் நீர் எத்தனை சதவீதம்? வாய்பாட்டிலிருந்து கணக்கிட்டால் 36.08. மூசையில் 2.50 கிராம் எடுத்துச் சூடாக்கிய ஒரு மாணவிக்கு மிஞ்சியது 1.78 கிராம். இழப்பு 28.8 சதவீதம்தான். ரெக்கார்டில் எழுதியிருந்தாள்: ‘பிழை 20 சதவீதம். காரணம்: மனிதப் பிழை, கருவிப் பிழை.’ சிவப்பு மையால் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. படிகத்தின் ஐந்து நீர் மூலக்கூறுகளில் நான்கு சுமார் 110 டிகிரிக்குள் கழன்றுவிடும். ஐந்தாவது லேசில் விடாது. அதற்கு 200 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். நான்கு மட்டும் போனால் இழப்பு 28.86 சதவீதம். அந்தப் பெண் மிக நன்றாகவே அளந்திருக்கிறாள். சூடுதான் போதவில்லை.

கோட்பாட்டு மதிப்போடு ஒப்பிடும் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. 36.08 என்ற எண் கையில் இல்லாவிட்டால் 28.8-இல் ஏதோ குறைகிறது என்பதே தெரிந்திருக்காது. வித்தியாசத்தைச் சதவீதப் பிழையாகச் சுருக்கியதும் நாம் வாசிப்பதை நிறுத்திவிடுகிறோமே, கோளாறு அங்கேதான். இழப்பு கூடியதா குறைந்ததா என்பதுகூட அந்த எண்ணில் நிற்பதில்லை. கூடினால் அளவுமீறிச் சூடாக்கி, உப்பே சிதைந்து கறுத்திருக்கலாம். குறைந்தால் நீர் முழுதும் போகாமலோ, ஆறும்போது காற்றின் ஈரத்தை மீண்டும் இழுத்தோ இருக்கலாம்.

சரியாக 36.1 வந்த நோட்டையும் நான் நம்பிவிடமாட்டேன். மூசையைச் சூடு ஆறாமல் தராசில் வைத்தால் எடை குறைத்துக் காட்டும். உள்ளே கொஞ்சம் நீர் தங்கியிருந்தால் கூட்டிக் காட்டும். இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான விடையாக வந்து நிற்கும். விடை முன்கூட்டியே தெரிந்த சோதனையில் ரீடிங்கை ‘அட்ஜஸ்ட்’ செய்யும் கலையைத் தனியாக யாரும் கற்றுத்தர வேண்டியதுமில்லை.

இது மாணவர் நோட்டோடு நிற்கும் சங்கதியன்று. புதுச் சேர்மம் செய்தவர் அதன் கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் சதவீதங்கள் கணக்கிட்ட மதிப்பிலிருந்து 0.4-க்கு மேல் விலகவில்லை என்று காட்ட வேண்டும் என்பது பல ஆய்விதழ்களின் நெடுநாள் விதி. 2022-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் ஐந்து எளிய கரிமச் சேர்மங்களை 18 பகுப்பாய்வு நிலையங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வந்த முடிவுகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் அந்த வரம்புக்கு வெளியே விழுந்தன.

வரம்புக்குள் விழுந்தாலும் நிம்மதியில்லை. டெக்கேனில் கார்பன் 84.41 சதவீதம், அண்டெக்கேனில் 84.52. இரண்டையும் விதி ஒன்றாகவே வாழ்த்தி உள்ளே விடும். குளுக்கோஸிலும் வினிகர் அமிலத்திலும் கார்பன் ஒரேயளவுதான், 40 சதவீதம். இயைபு பொருந்தாவிட்டால் பொருளைச் சந்தேகிக்கலாம். பொருந்திவிட்டது என்பதால் பொருள் இன்னது என்று சொல்லிவிட முடியாது.

சில சமயம் கணக்குப் பக்கமே தப்பாக இருக்கும். பாடப்புத்தகத்து இரும்பு(II) ஆக்சைடில் இரும்பும் ஆக்சிஜனும் ஒன்றுக்கு ஒன்று, இரும்பு 77.73 சதவீதம். அதே ஆக்சைடாகச் சாதாரண அழுத்தத்தில் உண்டாகும் உஸ்டைட் கனிமத்திலோ இரும்பு அணுக்களின் சில இடங்கள் எப்போதும் காலி. நூறு ஆக்சிஜனுக்குத் தொண்ணூற்றைந்து இரும்பு என்றால் 76.8 சதவீதம் வரும். 77.73-ஐ விடையாக வைத்து நோட்டுத் திருத்துபவர் அந்த 76.8-ஐத்தான் சிவப்பு மையால் சுழிப்பார்.