ஒளி கோடு போட, அணு பிரிய

கண்ணாடியில் நெருக்கமாகக் கோடு கிழித்து ஒளியை விட்டால், ஒளி பல கிளைகளாகப் பிரியும். இதையே தலைகீழாகச் செய்வதில் எனக்குத் தனி மயக்கம்: கோடுகள் ஒளியாலானவை, பிரிவது பொருள். சூடாக்கிய சோடியத்தை வெற்றிடத்தில் மெல்லிய தாரையாக ஓடவிடுகிறார்கள். குறுக்கே மஞ்சள் லேசர், எதிரே அதைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி. போகும் அலையும் திரும்பும் அலையும் கலந்து அசையாத கீற்றுகளாக நிற்கின்றன. தறியில் பூட்டிய பாவு போல அத்தனை ஒழுங்கு. கீற்றுக்குக் கீற்று சுமார் 295 நானோமீட்டர். தொட்டுப் பார்க்க ஓர் இழையும் கிடையாது.

சோடியம் அணு அங்கே அலையாகப் பரவி, பல கீற்றுகளை ஒருசேரக் கடந்து, குறிப்பிட்ட சில திசைகளில் மட்டும் வெளிவருகிறது. ஒரு மீட்டர் போன பிறகும் கிளைகளுக்கு நடுவே ஏறத்தாழ மயிரிழை அகலம்தான். அந்தக் கிளைகளைப் பிரித்துக் காட்ட, நுண்ணிய பிளவுகளால் தாரையைச் சீவி, அதிர்வை அடக்கி, கண்ணாடியை இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டும். 1986-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் இயற்பியலாளர் பிரிட்சர்டின் குழு இந்தப் பொறுமையோடுதான் இந்தப் பிரிவைத் தெளிவாகக் காட்டியது. கிளைகளின் குறுக்கே, அணுக்களை உணரும் சூடான கம்பியை மெல்ல நகர்த்தி, மோதும் அணுக்களை எண்ண எண்ண, எண்ணிக்கையில் சம இடைவெளியில் மேடுகள் எழுகின்றன. ஒவ்வோர் அணுவும் தனியாகத்தான் வந்து விழுகிறது; அலை என்பது கூட்டத்தில்தான் தெரிகிறது.